துலா ஏன் இறங்கவில்லை? (வாசகர் கடிதம்)

வணக்கம் அக்கா,

யாழ்ப்பாணத்தில் அனிமேஷன் டிப்ளோமா இரண்டாம் வருஷம் படிக்கிறேன். இறுதி வேலைக்கு இரண்டு நிமிஷப் படம் ஒன்று செய்கிறேன். ஒரு அம்மம்மா துலாக் கிணற்றில் தண்ணி அள்ளுகிறா. அப்போது அவவுக்குப் பழைய காலம் ஞாபகம் வருகிறது. மூன்று மாதத்தில் 40 விநாடி முடித்துவிட்டேன், இன்னும் பத்துக் கிழமை இருக்கிறது. சேர் பார்த்துவிட்டு, "கதை இல்லை, ஸ்டைலும் ஜப்பான் படத்தை அப்படியே எடுத்த மாதிரி" என்றார். நான் நிறையப் படம் பார்க்கிறேன். ஆனால் பார்த்து எதைப் படிப்பது என்று தெரியவில்லை. கதை சொல்லலையும் காட்சிப் பாணியையும் எப்படிப் படிக்க வேணும்? செய்த 40 விநாடியின் இணைப்பையும் வைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

40 விநாடியையும் பார்த்தேன். முதலில் ஒரு பிழையைச் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதற்குள் இருக்கிறது. உம்முடைய அம்மம்மா வெறும் வாளியைச் சுகமாக இறக்கி, நிறைந்த வாளியை முக்கி முக்கி இழுக்கிறா. கப்பிக் கிணற்றில் அப்படித்தான். துலாவில், அதாவது தூணின் மேல் ஏறி இறங்கும் நீண்ட மரத்தில், நேர்மாறு. பின்பக்கம் மரத்தின் பருத்த அடி இருக்கும், அது போதாவிட்டால் கல்லும் கட்டியிருப்பார்கள். வெறும் வாளியை இறக்கத்தான் உடம்பைப் போட்டுக் கயிற்றில் தொங்க வேண்டும். நிறைந்த பிறகு அந்தப் பின்பாரமே தூக்கித் தரும், கை வழிகாட்டினால் போதும்.

இதைக் கீறுவதற்கு ஒரு கணக்குத் தருகிறேன். விநாடிக்கு 24 பிரேம் (தனிப்படம்), ஒரு கீறலை இரண்டு பிரேம் வைக்கிறீர். இறக்கும்போது ஒவ்வொரு பிடிக்கும் 14 பிரேம், கை மாற்றுகிற இடத்தில் 4 பிரேம் நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் துலா கொஞ்சம் மேலே போகப் பார்க்கும். குதிக்கால் நிலத்தை விட்டு எழும்பும். வாளி தண்ணீரைத் தொட்டதும் கைக்குக் கீழே உள்ள கயிறு தொய்யும், கைக்கு மேலே உள்ளது விறைத்தபடியே நிற்கும். பின்பாரம் இன்னும் இழுத்துக்கொண்டுதானே இருக்கிறது! நீர் இரண்டு பக்கமும் தொய்யவிட்டிருக்கிறீர், அதனால்தான் துலா காகிதத்தில் வெட்டி ஒட்டியது போலத் தெரிகிறது. நிறைந்த வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை லேசு. மேற்பரப்பை விட்டு வெளியே வரும் இடத்தில் அதன் பாரம் கையில் தெரியும். அங்கே 4 பிரேம் தயங்கவிட்டுப் பிறகு ஏற்றும். கிணற்றுக் கட்டில் வாளி நின்ற பிறகும் தண்ணீர் நிற்காது. 4 முதல் 6 பிரேம் பிந்தித்தான் ததும்பும்.

சேர் கேட்ட கதையும் இந்தத் துலாவில்தான் இருக்கிறது. பின்னால் கட்டிய கல் யாருடைய பலத்துக்கு அளந்து கட்டியது? வீட்டில் பாரமான ஆள் ஒருவர் இருந்த காலத்தில் கட்டியது என்று வையும். இன்றைக்கு அம்மம்மா தொங்கியும் துலா பாதிவரைதான் இறங்குகிறது. அவவுடைய உடம்பு காணாது. இவ்வளவும் காட்டினாலே அந்த வீட்டில் யார் இல்லை என்பது பார்ப்பவருக்கு விளங்கிவிடும். பிறகு அவ என்ன செய்கிறா? ஒரு கல்லை அவிழ்க்கிறாவா, பேத்தியைக் கூப்பிட்டுச் சேர்ந்து தொங்குகிறாவா, வெறும் வாளியோடு போகிறாவா? நீர்தான் தீர்மானிக்க வேண்டும். "அந்தக் காலத்தில..." என்று தொடங்கும் அந்த 25 விநாடிக் குரலை எடுத்துவிடும். படம் செய்ய வேண்டியதைக் குரல் செய்துவிட்டால் படத்துக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

இனிப் படம் பார்க்கும் முறை. முழுப்படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் பெரிய பிரயோசனம் இல்லை. 60 முதல் 90 விநாடிக்குள் ஒரு காட்சியை எடும். முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாரும், அடுத்து படத்தை மூடிவிட்டுச் சத்தத்தை மட்டும் கேளும். மூன்றாவது தடவை பிரேம் பிரேமாக நகர்த்தும்; விஎல்சி பிளேயரில் 'E' விசையை அழுத்தினால் ஒவ்வொரு பிரேமாக நகரும். கொப்பியில் ஷொட் ஒன்றுக்கு ஒரு வரி: எத்தனை விநாடி, தூரமா கிட்டவா, வெளிச்சம் எந்தப் பக்கம், இந்த ஷொட் முடியும்போது பார்ப்பவருக்குப் புதிதாக என்ன தெரிந்தது. அந்தக் கடைசிக் கேள்விக்கான இடம் தொடர்ந்து மூன்று ஷொட்டுக்கு வெறுமையாக இருந்தால் அங்கே கதை நிற்கிறது என்று அர்த்தம். பக்கத்திலேயே 4 சென்டிமீற்றர் அகலப் பெட்டியில் வெள்ளை, சாம்பல், கறுப்பு மூன்றால் மட்டும் அந்த ஷொட்டைக் கீறும். முகம் கீறக் கூடாது, அதற்காகத்தான் பெட்டி அவ்வளவு சின்னது.

எண்ணும்போது ஒரு கண்ணி இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பிரதிகள் சில 30 பிரேமுக்கு மாற்றப்பட்டவை. அதில் நாலு பிரேமுக்கு ஒன்று இரட்டிக்கும். இரண்டிரண்டாக ஓடும் அசைவு இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று தெரியும், நீரும் அதையே பாணி என்று எழுதி வைப்பீர். எண்ணுவதற்கு முன் கோப்பின் பிரேம் வீதத்தைப் பார்த்துக்கொள்ளும்.

பாணி என்றதும் எல்லாரும் கண்ணையும் தலைமயிரையும்தான் பிடிக்கிறார்கள். நீரும் அப்படித்தான். 2018இல் வந்த 'ஸ்பைடர்-மேன்: இன்டு த ஸ்பைடர்-வெர்ஸ்' படத்தில் காட்டுக்குள் ஊஞ்சலாடும் இடத்தை எண்ணிப் பாரும். பழகாத சிறுவன் மைல்ஸ் விநாடிக்கு 12 படத்தில் அசைகிறான், பழகிய ஸ்பைடர்-மேன் பீட்டர் 24இல் அசைகிறார். ஒருவனுக்கு இன்னும் கைவரவில்லை என்பதை வசனம் இல்லாமல் பிரேம் கணக்கே சொல்கிறது. ஈசாவோ தகஹாதாவின் 'இளவரசி ககுயா'வில் (2013) அவள் விருந்தை விட்டு ஓடும்போது மென்மையான கோடு கரிக்கட்டியால் இழுத்தது போல உடைகிறது. கதை மாறுகிற இடத்தில்தான் கோடும் மாறுகிறது.

நீர் கடன் வாங்கிய ஜப்பான் பாணிக்கும் ஒரு கணக்கு உண்டு. 1963இல் ஒசாமு தெசுகா 'அஸ்ட்ரோ பாய்' தொடரைக் கிழமைக்கு ஒன்றாகத் தொலைக்காட்சிக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் உடம்பை நிறுத்திவிட்டு வாயை மட்டும் அசைத்தார்கள், ஒரே கீறலை நீட்டி வைத்தார்கள், பின்னணியை இழுத்தார்கள். நீர் அந்த முகத்தை எடுத்துவிட்டு அந்தச் சிக்கனத்தை விட்டுவிட்டீர். அசையாமல் நிற்கச் செய்த முகத்தை முழுக்க அசைக்கிறீர். அதனால்தான் அம்மம்மாவின் கண் ஒவ்வொரு கீறலிலும் இடம் மாறி வழுக்குகிறது.

நிறத்தைப் பற்றி ஒன்று. படம் முழுக்க மாலைச் செம்மஞ்சள். அந்த வெளிச்சம் எந்த நாட்டுக் கிணற்றுக்கும் பொருந்தும். யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் மத்தியானச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நிழல் காலடிக்குள் சுருண்டுவிடும், கண்குழி இருளும். நிலத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தால், வலிகாமத்துச் செம்மண் என்றால் நாடிக்குக் கீழே சிவப்பு ஏறும், மணற்காட்டு வெள்ளை மணல் என்றால் அதே இடம் வெளுக்கும். எந்த ஊர் என்று முதலில் தீர்மானியும், பிறகு நிறத்தை எடும். இன்னொன்று, பின்னணியில் நிற்பது பனை, ஆட்டம் தென்னையினுடையது. தென்னோலை அலையாக வளையும். பனையோலை விசிறி மாதிரி ஒரே துண்டாகத் திரும்பி, அடிபட்டு நிற்கும். ஆறு கீறலில் ஒரு சுற்றுப் போதும்.

நேரக் கணக்கு. 40 விநாடி என்றால் 480 கீறல், மூன்று மாதத்தில் கிழமைக்கு 40 வருகிறது. இரண்டு நிமிஷத்துக்கு இன்னும் 960 வேண்டும், பத்துக் கிழமையில் உம்மால் 400தான் முடியும். ஆகவே படத்தை 75 விநாடியாகக் குறையும். மிச்சம் 35 விநாடியில் 10 விநாடியை அசையாத ஷொட்டுகளுக்கு விடும்: கிணற்றுக் கட்டு, கல், வெறும் கயிறு. மீதி 25 விநாடிக்கு 300 கீறல், ஏழரைக் கிழமை. செய்து முடித்த துலா ஷொட்டைத் திருத்தவும் நிறத்துக்கும் சத்தத்துக்கும் இரண்டரைக் கிழமை மிஞ்சும். மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம், கிரீற்றாவோ ஓப்பன்டூன்ஸோ இந்த வேலைக்குக் காணும்.

இனி ஒரு கீறலும் போடாமல் முதலில் 75 விநாடிக்கும் அனிமேட்டிக் (அசையாத படங்களை நேரக் கணக்கோடு கோர்த்த முன்மாதிரி) கட்டி, துலா பாதியில் நிற்கும் இடத்தை மூன்று விதமாக அனுப்பும்: 1 விநாடி, 2 விநாடி, 4 விநாடி. குரல் வேண்டாம், கப்பிச் சத்தமும் வேண்டாம்.