முதுமையை நிறுத்தும் மாத்திரை அம்மாவுக்கு வாங்கலாமா?

தம்பி, கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் குமுளி ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற அம்மா 54 வயதிலேயே கிழவி போல ஆகிவிட்டார், கடையில் சொன்ன ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்க வேண்டாம்.

அந்த மாத்திரைக்கு அடிப்படை 1956-இல் அமெரிக்க விஞ்ஞானி டென்ஹம் ஹார்மன் சொன்ன கருத்து. செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற, எதனோடும் சட்டென்று வினைபுரியும் துகள்கள் உண்டாகி, உடலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கின்றன என்றார். சேதம் உண்மைதான். ஆனால் அந்தத் துகள்களை அடக்கும் என்று சொல்லப்படும் ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை சேதத்தைத் தடுத்து மனித ஆயுளைக் கூட்டியதாக நிரூபணம் இல்லை. பின்லாந்தில் புகைப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் என்ற ஆன்டி ஆக்சிடன்ட் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோய் கூடியது என்று 1994-இல் முடிவு வந்தது.

“உழைத்தே செல்லெல்லாம் தீர்ந்துவிட்டதா” என்று நீங்கள் கேட்டது மனதைப் பிசைந்தது. ஆய்வகத்தில் வளர்த்த மனித செல்கள் சுமார் 50 முறை பிரிந்ததும் நின்றுவிடுவதை 1961-இல் அமெரிக்க விஞ்ஞானி ஹேஃப்லிக் காட்டினார். ஆனால் மூளையின் நரம்பு செல்கள் பெரும்பாலும் பிரிவதே இல்லை, அவையும் மூப்படைகின்றன. அதனால் அம்மாவின் உழைப்பு அவரைத் தீர்த்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

அப்புறம் ஒன்று. ஏலத்தோட்டம் நிழல்காடு, அம்மா இப்படி வயதானவராகத் தெரிய வெயில் மட்டும் காரணமாக இருக்காது. முதலில் அரசு மருத்துவமனையில் ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு மூன்றும் பார்த்துவிடுங்கள். இந்த வாரமே கூட்டிப் போங்கள்.