பேட்டரி மாற்றிய நேரம்

கேள்வி: வெளிநாட்டுப் போர்களில் விமானம் சொந்தப் படைமீதே குண்டு போட்டதாகப் படிக்கிறோம். இத்தனை கருவிகள் இருந்தும் எப்படி ஐயா? என் தம்பி பட்டாளத்தில் சேர ஓடிப் பழகுகிறான், பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: நான் வேலூர்ப் பக்கம் பட்டாளத்து ஊரான கம்மவான்பேட்டைக்காரன் அம்மா. இருபது வருஷம் பட்டாளத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் வயர்லெஸ் செட்டோடு கிடந்தவன். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது.

2001 டிசம்பர் 5, ஆப்கானிஸ்தானில் காந்தகார் பக்கம். தரையிலிருந்த அமெரிக்கக் குழு, தாலிபான்கள் இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் கருவியில் குறித்தது. பேட்டரி தீர்ந்தது, மாற்றினார்கள். மாற்றியதும் அந்தக் கருவி தான் நிற்கும் இடத்தையே காட்டும். அதைக் கவனிக்காமல் அந்த எண்களே பி-52 குண்டுவீச்சு விமானத்துக்குப் போய்விட்டன. சுமார் 900 கிலோ குண்டு, சொன்ன இடத்தில் பிசகாமல் விழுந்தது. மூன்று அமெரிக்க வீரர்களும், கூட நின்ற ஆப்கானியர் பலரும் இறந்தார்கள். அன்றுதான் இடைக்கால அரசின் தலைவராகத் தேர்வான ஹமீத் கர்சாய்க்கும் காயம்.

அந்த ஆப்கானியர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

1991 வளைகுடாப் போரிலும் 35 அமெரிக்க வீரர்கள் சொந்தத் தரப்புச் சூட்டில் போனார்கள். எல்லாம் வானிலிருந்து வந்தவை அல்ல, டாங்கிச் சூடும் உண்டு.

"செட் சொல்வதை மேப்பில் வைத்துப் பார், அப்புறம் வாயைத் திற" என்று எங்களுக்குப் பயிற்சி தந்த உஸ்தாத் தினமும் கத்துவார். சரி, தம்பியை ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுப்புங்கள். மேப் பார்க்க நான் சொல்லித் தருகிறேன்.