எஞ்சின் இல்லாத மின்சார ரயில் ஏன் புறநகர்ப் பயணத்துக்கு ஏற்றது?

தனி எஞ்சின் இழுக்கும் ரயிலைவிட மின்தொடர் வண்டி (தனி எஞ்சின் இல்லாமல், பெட்டிகளின் அடியிலேயே மோட்டார்கள் உள்ள மின்சார ரயில்) ஏன் விரைவாக வேகமெடுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சக்கரம் தண்டவாளத்தை எவ்வளவு அழுத்திப் பற்றுகிறதோ அவ்வளவுதான் அதனால் இழுக்க முடியும். எஞ்சின் பூட்டிய ரயிலில் இழுக்கும் வேலை முழுவதும் எஞ்சினின் சக்கரங்கள் மீதே விழுகிறது. மின்தொடர் வண்டியிலோ, மோட்டார்கள் பல பெட்டிகளின் அடியில் பிரித்துப் பொருத்தப்பட்டிருப்பதால், அப்பெட்டிகளின் எடையும் அவற்றில் நிற்கும் பயணிகளின் எடையும்கூடப் பிடிமானத்துக்கு உதவுகின்றன. ஓரிரு கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வரும் தடத்தில், உச்ச வேகத்தைக் காட்டிலும் இந்த உந்துதலே பயண நேரத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை இருப்பதால், கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் பூட்டும் வேலையும் இல்லை. நெருக்கமான இடைவெளியில் வண்டிகளை விடுவதற்கு இவ்வசதி இன்றியமையாதது.

புதிய வண்டிகளில் மோட்டார்களே பிரேக் பிடிக்கும்போது மின்னாக்கிகளாக மாறி, மின்சாரத்தை மேல்கம்பிக்குத் திருப்பி அனுப்புகின்றன. அடிக்கடி நிற்கும் வண்டிக்கு இது பெரிய சேமிப்பு. சற்று நீண்ட தொலைவுக்கு ஓடும் மெமு ரயிலும் இதே வகைதான். தொலைவு கூடுதல் என்பதால் பல மெமு ரயில்களில் கழிப்பறையும் உண்டு.