வயல் விபத்து நியூஸ்ல 'எப்படி நடந்துச்சு'ன்னு எழுதுங்க தம்பி

கேள்வி: ஐயா, டெல்டா பக்கம் ஒரு நாளிதழுக்கு பகுதிநேர நிருபரா இருக்கேன். டிராக்டர் கவிழ்ந்து பலி, மருந்து அடிக்கும்போது மயங்கி பலின்னு அடிக்கடி நியூஸ் அனுப்புறேன், எட்டு வரிதான் இடம் கிடைக்கும். அதுக்குள்ள இன்னொருத்தருக்கு இப்படி நடக்காம இருக்க என்ன எழுத முடியும்?

பதில்: எட்டு வரி தாராளம் தம்பி. "டிராக்டர் நிலைதடுமாறி கவிழ்ந்தது"ன்னு ஒரு வரி எல்லா நியூஸ்லயும் இருக்கும் பாருங்க, அதை மட்டும் முதல்ல எடுத்துடுங்க. அதைப் படிக்கிற டிராக்டர்காரருக்கு தெரிஞ்சுக்க அதுல ஒண்ணுமே இல்ல, பாவம்னு சொல்லிட்டு பக்கத்தை திருப்பிடுவார். அதுக்கு பதிலா "சேற்று வயலில் இருந்து மேட்டுக்கு ஏறும்போது பின்சக்கரம் சிக்கி, முன்பக்கம் தூக்கி பின்னால் கவிழ்ந்தது, டிராக்டரில் பாதுகாப்பு இரும்புச் சட்டகம் பொருத்தப்படவில்லை"ன்னு எழுதிப்பாருங்க. சிக்கின சக்கரத்தோட ஆக்சிலேட்டரை மிதிச்சா வண்டியே அச்சை சுத்தி தூக்கும், குதிக்க டைம் கிடைக்காதுன்னு படிக்கிறவருக்கு உடனே புரியும். வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுறவர் நசுங்காம காக்கிற அந்த இரும்புச் சட்டகத்தை சுவீடன்ல 1959லயே புது டிராக்டருக்கெல்லாம் கட்டாயமாக்கினாங்க, கவிழ்ந்து சாகுறது அங்க போகப்போக ரொம்பவே குறைஞ்சுது. ஆனா அது கூட சீட் பெல்ட்டும் போடணும், இல்லன்னா ஆள் வெளிய விழுந்து அதே சட்டகத்துக்கு அடியில மாட்டிக்குவார்.

"டிரைவரின் கவனக்குறைவே காரணம்"னு ஸ்டேஷன்ல சொன்னா அதோட நிறுத்திடாதீங்க. மெஷின் பக்கத்துல போய் பாருங்க. டிராக்டர் பின்னாடி இருக்கிற பி.டி.ஓ. ஷாஃப்ட் (பின்னால மாட்டுற கருவிகளை ஓட்டுற சுழல் தண்டு) வழக்கமா நிமிஷத்துக்கு 540 சுத்து சுத்தும், செகண்டுக்கு 9 சுத்து, முந்தானையோ லுங்கி நுனியோ மாட்டுச்சுன்னா ஆளையே இழுத்துடும். அதுக்கு மேல ஒரு கவர் இருக்கணும், ரிப்பேருக்கு கழட்டினது திரும்ப மாட்டாமலே கிடக்கும். கவர் இருந்துச்சா, மட்கார்டுல வேற யாராச்சும் உக்காந்திருந்தாங்களா, இந்த ரெண்டையும் கண்டிப்பா கேளுங்க. தொழிற்சாலையில விபத்துன்னா தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு தகவல் போகணும்னு சட்டம் இருக்கு, சொந்த வயல்ல சாகுறவருக்கு அப்படி யாரும் வந்து பாக்குறதில்ல, அதனால அந்த சாவு எப்படி நடந்துச்சுன்னு வெளிய தெரியுறது பல நேரம் நீங்க எழுதுறதாலதான். அமெரிக்காவுல விஸ்கான்சின்ல இருக்கிற தேசிய பண்ணை மருத்துவ மையம் பேப்பர்ல வர்ற பண்ணை விபத்து நியூஸையெல்லாம் சேர்த்து வச்சு, எது திரும்பத்திரும்ப நடக்குதுன்னு பாக்குது. நியூஸ்ல விவரமே இல்லன்னா அவங்களாலயும் ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது.

மருந்து விஷயத்துல இன்னும் கவனம் வேணும். 2017ல மகாராஷ்டிரா யவத்மாள்ல பருத்திக்கு மருந்தடிச்சவங்க 20 பேருக்கு மேல செத்துப்போனாங்க, நூத்துக்கணக்குல ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. செடி ஆள் உயரத்துக்கு மேல வளர்ந்திருந்துச்சு, பல மருந்தை ஒண்ணா கலந்து அடிச்சாங்கன்னு பத்திரிகைங்க விடாம எழுதின பிறகுதான் அது பெரிய பிரச்சனையாகி சிறப்பு விசாரணைக் குழுவே போட்டாங்க. நீங்களும் மருந்து பேரு, டப்பாவுல முக்கோணம் செவப்பா மஞ்சளா (செவப்புதான் ரொம்ப கடுமை), காத்து எந்தப்பக்கம் அடிச்சுது, மாஸ்க் கையுறை யாராச்சும் குடுத்தாங்களா எல்லாம் கேட்டு எழுதுங்க. ஆனா அது தற்கொலைன்னா மருந்து பேரையோ எப்படி குடிச்சாங்கன்னோ ஒரு வார்த்தை கூட எழுதக்கூடாது, அங்க உதவி எண்தான் போகணும். இந்த ரெண்டையும் ஒரே மாதிரி எழுதுறது ரொம்ப ஆபத்து.

வீட்டுக்காரங்க கிட்ட கேக்கும்போது "ஏன் அப்படி பண்ணார்"னு கேக்காதீங்க, "அன்னைக்கு என்ன வேலை நடந்துச்சும்மா"ன்னு கேளுங்க, அவங்களே முழுசா சொல்லுவாங்க.

இன்னொண்ணு, அந்த தடுப்பு விவரத்தை கடைசி வரியில வைக்காதீங்க. இடம் பத்தலன்னா நியூஸை எடிட் பண்ற டெஸ்க்ல கீழ இருந்துதான் வெட்டுவாங்க, அதனால ரெண்டாவது வரியிலயே வச்சிடுங்க.