வயதான அப்பா அம்மாவுக்கு ஏற்றபடி வீட்டை எப்படி மாற்றுவது?

வீட்டில் யாரோ ஒருவர் ஏற்கெனவே ஒருமுறை விழுந்திருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அம்மா விழுந்த பிறகுதான் யோசித்தேன்.

எங்கள் வீடு பாம்பனில், கடலுக்குக் கூப்பிடு தூரம். அப்பா நாட்டுப்படகில் போனவர். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். 2021-ல் பாத்ரூம் சுவரில் ஸ்டீல் கைப்பிடி மாட்டினேன். ஒரு வருடம்கூட ஆகவில்லை, அம்மா பிடித்து எழுந்தபோது அது கையோடு வந்துவிட்டது. மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. கழற்றிப் பார்த்தால் கம்பியில் ஒரு புள்ளிகூடத் துரு இல்லை. உள்ளே இருந்த ஸ்க்ரூ சாதா இரும்பு, இற்றுப்போய் இருந்தது. இங்கே உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே உதிர்கிறது, நான் கவனித்திருக்க வேண்டும். இன்றுவரை அது உறுத்துகிறது.

அதனால் கடலோரத்தில் இருப்பவர்கள் 316 என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் மாலிப்டினம் என்ற உலோகம் கலந்திருப்பதால் வழக்கமான 304-ஐவிட உப்பைத் தாங்கும். விலை கூடத்தான். ஸ்க்ரூவும் அதே ரகமாக இருக்கட்டும், பூச்சோடு நிற்காமல் செங்கல்வரை இறங்கட்டும். மாதம் ஒருமுறை நீங்களே பலமாக இழுத்துப் பாருங்கள். அப்புறம், பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் தள்ளித் திறக்க முடியாது.

மற்றதெல்லாம் அவர்களைப் பார்த்துச் செய்தது. அம்மா தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில்தான் மீன் அரிவார். மேடை கட்டிக் கொடுத்தேன், ஒருநாள்கூட அதில் அரியவில்லை. அரிவாள்மனையைக் காலால் அழுத்திப் பழகியவருக்கு மேடை எதற்கு? கடைசியில் அப்பாதான் பழைய படகுக் கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டு, பின்கட்டுத் தூணில் கட்டித் தொங்கவிட்டார். அம்மா அதைப் பிடித்துத்தான் எழுகிறார். நைலான் கயிறு, துருப்பிடிக்காது. குடிதண்ணீர்க் குடங்களையும் இடுப்பு உயரத் திண்டுக்கு ஏற்றிவிட்டோம், குனிந்து தூக்குகிற வேலை இல்லை.

இதற்குப் பதில் மதுரையில் ஒரு ஃப்ளாட் எடுத்துக் கூட்டிக்கொண்டு போகலாமே என்று சிலர் எழுதுவீர்கள். சொந்தக்காரர்களும் அதையே சொன்னார்கள். கடல் சத்தம் கேட்காத வீட்டில் அப்பாவுக்குத் தூக்கம் வராது. அவரை இடம் மாற்றுவதைவிடச் சுவரை மாற்றுவது எனக்குச் சரியாகப் பட்டது. நான் எஞ்சினியர் இல்லை, என் வீட்டில் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 2022 டிசம்பரிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை பாம்பன் பாலத்தில் ரயில் ஓடவில்லை. பழைய பாலம் பழுது, வேறு வழியில்லை, அது புரிகிறது. ஆனால் அவ்வளவு நாளும் முழங்கால் டாக்டரைப் பார்க்க அம்மாவைப் பஸ்ஸில்தான் கூட்டிப்போனேன். அந்த முதல் படி அவருக்கு முழங்கால் உயரம். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஒரு காலை வைப்பதற்குள் விசில் அடித்துவிடுவார்கள். ஒருமுறை அம்மா பாதி ஏறியிருக்கும்போதே பஸ் நகர்ந்தது. பின்னால் நின்று நான் தாங்கிக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.