அம்மாவின் நித்திரைக் குளிசையை ஒரேயடியாக நிறுத்தலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. அப்பா போன நேரம் நித்திரையில்லாமல் தவித்ததால் டொக்டர் 5 மில்லிகிராம் டயஸிபாம் எழுதிக் கொடுத்தார். மூன்று வருடமாகியும் பழைய துண்டைக் காட்டி பாமசியில் வாங்கிப் போடுகிறார். இப்போது காலையில் தள்ளாடுகிறார், மறதியும் கூடிவிட்டது. குளிசையை ஒளித்து வைத்துவிடலாமா?
– ஒரு மகள், வெள்ளவத்தை

பதில்: தயவுசெய்து ஒளித்து வைக்காதீர்கள். காபா என்ற இரசாயனம் மூளையை அமைதிப்படுத்துகிறது. அதன் வேலையைத்தான் டயஸிபாம் கூட்டுகிறது. வருடக்கணக்கில் போட்டால் மூளை அதற்குப் பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் படபடப்பு, கை நடுக்கம், முன்னைவிட மோசமான நித்திரையின்மை எல்லாம் வரும். சிலருக்கு வலிப்பே வந்துவிடும்.

மருந்து கெட்டதில்லை. நிற்காத வலிப்பை நிறுத்த ஆஸ்பத்திரியில் இதைத்தான் ஏற்றுவார்கள். நாட்பட்ட குடியை விடுபவருக்கும் கொடுப்பார்கள். அன்று அம்மாவுக்குக் கொடுத்ததும் சரிதான். ஆனால் நித்திரைக்கு என்றால் இரண்டு, மிஞ்சினால் நான்கு வாரம். பழைய துண்டுக்கு மூன்று வருடம் மருந்து கொடுத்ததுதான் பெரிய பிழை.

தள்ளாட்டத்துக்கும் காரணம் இருக்கிறது. டயஸிபாம் உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும், வயதானவர்களிடம் இன்னும் மெதுவாக. நேற்றையது தீருமுன் இன்றையது சேர்ந்துவிடுகிறது. இரவில் பாத்ரூம் போக எழும்பி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்பவர்கள் பலர். அதனால் இன்றே அந்த வழியில் ஒரு சின்ன லைட் போட்டுவிடுங்கள். மறதியும் இதனால் இருக்கலாம். டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

குறைப்பதை டொக்டர்தான் திட்டமிட வேண்டும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பத்தில் ஒரு பங்கோ அதிலும் குறைவாகவோ குறைப்பார்கள். மாதக்கணக்கில் இழுக்கும். நடுவில் கஷ்டமாக இருந்தால் அந்த அளவிலேயே கொஞ்ச நாள் நிற்கலாம், அவசரமில்லை. பகல் தூக்கத்தையும் பின்னேரப் பிளேன்டீயையும் குறைத்தால் உதவும்.

போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் கொண்டுபோங்கள். 'இரவு 1' என்று மட்டும் கிறுக்கியிருக்கும் கடதாசி உறைகளையும் விடாதீர்கள். மூட்டுவலிக்கு ட்ரமடோலோ கோடீன் கலந்த குளிசையோ இருந்தால் உடனே சொல்லுங்கள். டயஸிபாமோடு அவையோ மதுவோ சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும். தடிமலுக்குப் போடும் தூக்கக் குளிசைகளும் மயக்கத்தைக் கூட்டும்.

தட்டியும் எழும்பாமல் கிடந்தாலோ, மூச்சு மெதுவானாலோ, வலிப்பு வந்தாலோ உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வரும்வரை அம்மாவை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.