குதிரையின் குருத்தணுவில் வளர்த்த எலும்பு அப்பாவுக்கு உதவுமா?

கேள்வி: அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கிய குதிரையிலிருந்து விழுந்து, என் அப்பாவுக்கு (58) முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. தட்டு வைத்துப் பத்து மாதமாகியும் கூடவில்லை. குதிரையின் குருத்தணுவிலிருந்து (ஸ்டெம் செல்) ஆய்வகத்தில் எலும்பு வளர்க்கிறார்களாமே, அதை வைக்கலாமா?

பதில்: வைக்க முடியாது. உயிருள்ள குதிரை அணுக்களை (செல்களை) மனித உடலின் எதிர்ப்பாற்றல் ஏற்றுக்கொள்ளாது, அழிக்கப் பார்க்கும். அந்த ஆய்வு முதன்மையாகக் குதிரைக்கானது. நானூறு கிலோ உடம்பைச் சுமக்கும் விலங்கு ஒரு கால் முறிந்தால் படுத்துக் கிடந்து தேற முடியாது. பாரம் ஏறிய மற்றக் காலின் குளம்பும் கெட்டுவிடும். குதிரை வளர்க்கும் உங்களுக்கு அந்த வேதனை தெரிந்திருக்கும்.

குதிரையின் மஜ்ஜையிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ எடுத்த குருத்தணுக்களை, நுண்துளைகள் நிறைந்த கால்சியம் பாஸ்பேட் சாரத்தில் (அணுக்கள் பற்றி வளரும் தாங்கு சட்டம்) விட்டு வளர்க்கிறார்கள். புடலைக்குப் பந்தல் போடுவது போலத்தான். ஆனால் எலும்பு நிறைய நிறைய இந்தப் பந்தல் கரைந்துபோக வேண்டும். தகுந்த ஊட்டநீரில் சில வாரங்களில் கால்சியம் படிகிறது. கால்சியத்தைக் காட்டும் அலிசரின் சாயம் விட்டால் சிவக்கிறது. அந்தச் சிவப்பைப் பார்த்து எலும்பு தயார் என்று எண்ணிவிடக் கூடாது. இரத்தக்குழாயிலிருந்து சுமார் 0.2 மில்லிமீட்டருக்கு அப்பால் இருக்கும் அணு பிழைப்பது கடினம். கனமான சாரத்தின் நடுப்பகுதிக்கு இரத்தத்தைக் கொண்டுசேர்ப்பதுதான் பெரும்பாடு.

உங்கள் அப்பாவுக்கு வேண்டியது அவரிடமே இருக்கிறது. இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து எடுத்து வைக்கும் எலும்பில் அணு, சாரம், வளர்ச்சியைத் தூண்டும் பொருள் மூன்றும் சேர்ந்தே வரும். போதாத இடத்தில் கால்சியம் பாஸ்பேட் துகள்களையும் நிரப்புகிறோம்.

அதற்கு முன் ஏன் கூடவில்லை என்று பார்க்க வேண்டும். உள்ளே சீழ் இருக்கிறதா, தட்டு தளர்ந்திருக்கிறதா, சர்க்கரையும் வைட்டமின் டியும் எப்படி இருக்கின்றன? பீடி பிடிப்பவரானால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். எலும்பு கூடுவதைப் புகை அவ்வளவு கெடுக்கும். எண்ணெய்க் கட்டுக்கும் அழைத்துப் போகாதீர்கள்.

குருத்தணு ஊசி என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். எலும்பு முறிவுக்கு அது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, முறையான ஆய்வுக்கு வெளியே அதைச் சிகிச்சையாகத் தரக் கூடாது.

முதல் நாள் எடுத்ததிலிருந்து எல்லா எக்ஸ்ரே படங்களையும் எடுத்துக்கொண்டு, இந்த வாரமே எலும்பு அறுவை மருத்துவரைப் பாருங்கள். காயத்தில் நீர் கசிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே கிளம்பிவிடுங்கள்.